கதை எழுதவைத்துச் சொல்வளம் பெருக்குவது: சொற்பட்டியலை முன்னால் கொடுப்பதா, பின்னால் கொடுப்பதா?

கண்மாய்க்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகளைக் கதை எழுதவைத்தால் அவர்களுடைய சொல்வளம் பெருகும் என்று பயிற்சிக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். அதில் எனக்கு மறுப்பில்லை. அதை நாம் செய்யும் முறையில்தான் எனக்கு மறுப்பு.

வழக்கமாக என்ன நடக்கிறது? ஆசிரியர் கரும்பலகையில் பத்துச் சொற்களை எழுதிப்போட்டு, இவையெல்லாம் வரும்படி ஒரு கதை எழுதுங்கள் என்கிறார். பிள்ளைகளும் எழுதிவிடுகிறார்கள். "ஓர் அடர்ந்த காடு இருந்தது. அதில் கம்பீரமான சிங்கம் இருந்தது. அது நிதானமாக இருந்தது. அதற்கு ஒரு லட்சியம் இருந்தது" என்று வாக்கியத்துக்கு ஒரு சொல்லாகச் செருகிக்கொண்டே போய் நோட்டை நீட்டுவார்கள். பத்தும் வந்துவிட்டன என்று நாமும் சரிக்குறி போடுவோம். மறுவாரம் அந்தச் சொற்களில் ஒன்றுகூட அவர்கள் வாயிலும் வராது, நோட்டிலும் வராது.

பட்டியலை முன்னால் கொடுக்கக்கூடாது என்பதே என் கருத்து. தம்மிடம் இருக்கும் சொற்களைக் கொண்டு அவர்கள் முதலில் கதையை எழுதட்டும். எந்த இடத்தில் கதைக்கு ஒரு சொல் வேண்டியிருந்து, அது கைவசம் இல்லாமல் பிள்ளை முட்டி நிற்கிறதோ, அந்த இடத்தில் கொடுக்கும் சொல்தான் தங்கும்.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். காணாமல்போன ஆட்டுக்குட்டியைத் தேடிய கதையை ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தான்: "குட்டி காணாமல் போனது. நான் கண்மாய்க்குப் போனேன். மழை வந்தது. குட்டி மரத்துக்குப் போனது. நானும் பின்னாலேயே போனேன்." கதை சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லாம் "போ"வாகவே இருக்கிறது. நான் எதையும் திருத்தவில்லை. கண்மாய்க்கு எப்படிப் போனாய் என்று மட்டும் கேட்டேன். "வரப்பெல்லாம் சேறு டீச்சர், வழுக்கிரும்னு காலை ஊனி ஊனிப் போனேன்" என்றான். குட்டி என்ன செய்தது என்று கேட்டால், "கருவ மரத்தடியில பம்மிக்கிட்டு நின்னுச்சு" என்றான். ஊன்றுவதும் பம்முவதும் நான் கொடுத்த சொற்கள் அல்ல. அவை அவனிடமே இருந்தன. எழுதத் தகுந்த சொற்கள் என்று அவனுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அதன்பின் அவன் சொன்னதுதான் முக்கியம். "என்னயப் பாத்துட்டு வரவும் இல்ல, ஓடவும் இல்ல டீச்சர், ரெண்டுங்கெட்டானா நின்னுச்சு" என்று சொல்லிவிட்டு, இதை எப்படி எழுதுவது என்று என்னைப் பார்த்தான். அப்போது "தயங்கியது" என்ற சொல்லைக் கொடுத்தேன். இந்த ஊரில் யாரும் வீட்டில் தயங்குவதில்லை. யோசிப்பார்கள், பின்வாங்குவார்கள், இழுத்தடிப்பார்கள். அவனுக்கு அந்தச் சொல் புதிது, ஆனால் அதற்குரிய இடம் ஏற்கெனவே தயாராக இருந்தது. "குட்டி என்னைப் பார்த்துத் தயங்கி நின்றது" என்று எழுதினான். சில வாரங்கள் கழித்து, தலைமையாசிரியர் அறைக்குள் நுழையப் பயந்த கதையை எழுதியபோது அவனே அதை மறுபடி எடுத்தாண்டான்.

சொல்வளம் என்றதும் நாம் பெயரடைகளையே எண்ணுகிறோம்: அழகிய, அடர்ந்த, கம்பீரமான. பிள்ளைகளின் எழுத்து வறண்டிருப்பது வினைச்சொற்களில். போ, வா, சொல், பார், இரு என்ற ஐந்தைக் கொண்டே ஒரு கதை முழுவதையும் ஓட்டிவிடுவார்கள். "சொன்னாள்" என்று வரும் இடத்தில் எப்படிச் சொன்னாள் என்று கேளுங்கள். கெஞ்சினாளா, அதட்டினாளா, முணுமுணுத்தாளா, மழுப்பினாளா, புலம்பினாளா? ஒவ்வொன்றும் கதையையே வேறு பக்கம் திருப்பிவிடும் என்பதைப் பிள்ளைகள் உடனே கண்டுகொள்கிறார்கள். மழுப்பினாள் என்றால் ஏதோ மறைக்கிறாள். எதை என்று அடுத்த பத்தியில் சொல்லியாக வேண்டும்.

மற்றவர்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

மேல்நிலைத் தமிழாசிரியர் எழுதியது:

சகோதரியின் பதிவை மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால் முழுவதும் உடன்பட முடியவில்லை.

ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குக் கற்பிப்பவன் நான். தொடக்கப் பள்ளியிலிருந்து எங்களிடம் வரும் மாணவர்களில் பலருக்கு ஒரு கடிதம் எழுதும் அளவுக்குக்கூடச் சொற்கள் இருப்பதில்லை. தேவைப்படும்போது கொடுப்போம் என்று காத்திருந்தால், தேவையே எழாத சொற்களை அவர்கள் எப்போதுதான் கற்பார்கள்? ஆட்டுக்குட்டிக் கதையில் "அலட்சியம்", "ஒப்பந்தம்", "விளைவு", "மறுப்பு" போன்ற சொற்களுக்கு இடமே வராது. நாளிதழின் ஒரு பத்தியைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றாலும் அவை வேண்டும்.

இசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் சொற்களை மூன்று அடுக்குகளாகப் பிரித்தார்கள். அன்றாடப் பேச்சிலேயே தானாக வந்துசேர்பவை முதல் அடுக்கு. பேச்சில் அரிதாகவும் எழுத்தில் எல்லாத் துறைகளிலும் பரவலாகவும் வருபவை இரண்டாம் அடுக்கு. ஒரு துறைக்கே உரியவை மூன்றாம் அடுக்கு. ஆசிரியரின் உழைப்பு பெரிதும் நடு அடுக்கில் செல்ல வேண்டும் என்பது அவர்கள் கருத்து. அந்த நடு அடுக்குச் சொற்களைத் தேர்ந்தெடுத்துத் திட்டமிட்டுக் கொடுப்பதைத்தான் நீங்கள் "பட்டியல்" என்று தள்ளுகிறீர்கள்.

இன்னொன்று: "பம்மி", "ஊனி" எல்லாம் கேட்க நன்றாக இருக்கின்றன. பொதுத்தேர்வில் வட்டார வழக்கில் எழுதினால் மதிப்பெண் குறையும். ஐந்தாம் வகுப்பில் பழகியது பத்தாம் வகுப்புவரை வரும்.

வடமராட்சி எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் தரம் ஐந்து படிப்பிக்கிறேன். புலமைப்பரிசில் பரீட்சையின் நெருக்கடியால் எங்களிடத்திலும் கதை எழுத்து பெரும்பாலும் பயிற்சித்தாளாகவே முடிந்துவிடுகிறது. ஆனாலும் வட்டாரச் சொல் பற்றி ஐயா எழுதியதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும்.

வல்வெட்டித்துறையில் தைப்பொங்கல் அன்று நடக்கும் பட்டப் போட்டியை அறிந்திருப்பீர்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பட்டம் என்றால் உயிர். பட்டம் விட்ட கதையை எழுதச் சொன்னபோது ஒரு பிள்ளை, "பட்டத்திற்கு நூல் கட்டினேன். பட்டம் மேலே போனது. சத்தம் வந்தது" என்று எழுதியது. அதே பிள்ளை வாயால் சொல்லும்போது, முச்சை (பட்டத்தோடு நூலை இணைக்கும் கட்டு) சரியாகக் கட்டாவிட்டால் பட்டம் ஒரு பக்கம் சரிந்து குத்தும் என்றும், விண் (காற்றில் ஒலி எழுப்பும் கருவி) பூட்டினால் இரவிலும் கூவும் என்றும் நுணுக்கமாக விளக்கியது. முச்சை, விண், சரிதல், குத்துதல், கூவுதல் என்று ஐந்து சொற்கள் அந்தப் பிள்ளையின் வாயில் இருந்தன, தாளில் ஒன்றும் இல்லை. பாடப்புத்தகத்தில் இல்லாத சொல்லை எழுதக்கூடாது என்று யாரோ அதற்குக் கற்பித்திருக்கிறார்கள். அந்த யாரோ நாங்கள்தான்.

முச்சை என்பதற்குப் பதிலாக எழுதப் பொதுத்தமிழில் வேறு எந்தச் சொல் இருக்கிறது என்று ஐயா சொல்லட்டும். பேச்சின் ஒலித்திரிபு வேறு, வட்டாரத்துக்கே உரிய பொருட்சொல் வேறு. "போனனான்" என்பதை "போனேன்" என்று மாற்றச் சொல்லலாம். முச்சையை மாற்ற முடியாது.

கண்மாய்க்கரை எழுதியது:

வடமராட்சி அவர்கள் காட்டிய வேறுபாடு எனக்கும் உதவியாக இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளை "கம்மா நெறஞ்சு மறுகா போச்சு" என்று சொல்லும். அதை "கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது" என்று எழுதப் பழக்குகிறேன். ஒலி எழுத்துத்தமிழுக்கு வந்துவிட்டது. மறுகால் (கண்மாயின் மிகுநீர் வழிந்தோடும் கால்), கலுங்கு (அந்த நீர் வழியும் கட்டு), மடை (பாசன நீரைத் திறந்துவிடும் வாய்) ஆகிய சொற்கள் அப்படியே நிற்கின்றன. இவற்றை விட்டுவிட்டு "ஏரி நிரம்பி நீர் வெளியேறியது" என்று எழுதவைத்தால் அந்தப் பிள்ளையின் சொல்வளம் குறைகிறதே தவிர, கூடவில்லை.

மதிப்பெண் பற்றிய கவலைக்கு என் வகுப்பில் ஓர் ஏற்பாடு உண்டு. கதைமாந்தர் பேசினால் மேற்கோள்குறிக்குள் அவர்கள் பேசுவதுபோலவே எழுதலாம். கதை சொல்பவரின் வாக்கியம் எழுத்துத்தமிழில் இருக்க வேண்டும். பெரிய எழுத்தாளர்களும் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்று சொல்லிவிட்டால் பிள்ளைகளுக்கு ஒரே பெருமை. எந்த இடத்தில் எந்த வழக்கு என்று ஒவ்வொரு வரியிலும் முடிவெடுத்துப் பழகுபவர்கள் தேர்வுத்தாளில் தடுமாற மாட்டார்கள்.

மூன்று அடுக்கு பற்றி: அது ஆங்கில வகுப்பறைக்காகப் போட்ட கணக்கு. தமிழில் முதல் அடுக்கே தானாக வந்துவிடுவதில்லை. வீட்டில் "ரொம்ப", எழுத்தில் "மிகவும்". வீட்டில் "கூப்பிட்டான்", எழுத்தில் "அழைத்தான்". வீட்டில் "அப்புறம்", எழுத்தில் "பிறகு". ஆறு வயதுக் குழந்தைக்கு இவை எல்லாமே கற்க வேண்டிய சொற்கள். ஆகவே எங்கள் பிள்ளைகள் இரண்டு அடுக்குகளை ஒரே நேரத்தில் ஏறுகிறார்கள். அதற்குமேல் பத்துச் சொற்களைத் தலையில் ஏற்றினால் அவர்கள் செய்வது செருகல்தான்.

ஆனாலும் "தேவையே எழாத சொற்கள்" என்று ஐயா கேட்டது நியாயமான கேள்வி. தேவை எழும்படியான கதைச் சூழலை ஆசிரியர் அமைக்கலாம் என்பது என் விடை. ஒரு காகமும் ஒரு நாயும் குப்பைத்தொட்டியை யார் எப்போது பயன்படுத்துவது என்று பேசி முடிவெடுத்த கதையை எழுதச் சொல்லுங்கள். "ஒப்பந்தம்" வந்தே தீரும். எந்தச் சொல்லைக் கற்பிக்க வேண்டும் என்ற பட்டியல் ஆசிரியரின் பாடக்குறிப்பில் இருக்கட்டும், கரும்பலகையில் வேண்டாம்.

மேல்நிலைத் தமிழாசிரியர் எழுதியது:

காகமும் நாயும் ஒப்பந்தம் போடும் கதையை எனக்கே எழுத வேண்டும் போலிருக்கிறது. பட்டியல் பாடக்குறிப்பில் இருக்கட்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

வட்டாரச் சொல்லைப் பற்றி இன்னும் ஒன்றைச் சேர்க்கிறேன். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் தேவநேயப் பாவாணரின் "தமிழ்ச்சொல் வளம்" என்ற கட்டுரை இருக்கிறது. மாவின் பிஞ்சு வடு, பலாவின் பிஞ்சு மூசு, தென்னை, பனை ஆகியவற்றின் பிஞ்சு குரும்பை, வாழையின் பிஞ்சு கச்சல் என்று அதில் அடுக்கிக்கொண்டே போவார். எங்கள் மாணவர்கள் அதை ஒரு மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். தென்னந்தோப்பில் குரும்பை பொறுக்கித் தேர் செய்து விளையாடிய பையனும் அதை மனப்பாடம் செய்கிறான்! தன் கதையில் அவன் அந்தச் சொல்லை ஐந்தாம் வகுப்பிலேயே எழுதியிருந்தால் பத்தாம் வகுப்பில் அந்தக் கட்டுரையைத் தன் சொத்துக்கணக்கைப் பார்ப்பதுபோலப் படித்திருப்பான். இந்த அளவில் வடமராட்சி ஆசிரியர் சொல்வது சரி.

ஈராசிரியர் பள்ளி எழுதியது:

நீங்கள் எல்லாரும் எழுதத் தெரிந்த பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஒன்று முதல் ஐந்துவரை இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளியின் தலைமையாசிரியர் நான். அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்தபின் ஒன்று முதல் மூன்றுவரை உள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறோம். அரும்பு நிலையில் இருப்பவர் இன்னும் எழுத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். அவரிடம் கதை எழுது என்றால் என்ன செய்வார்? நான்காம், ஐந்தாம் வகுப்பிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

நான் செய்வது இது. எல்லா வகுப்பையும் ஒன்றாக உட்காரவைத்து, வாய்மொழியாக ஒரு கதையைப் பின்னுகிறோம். ஒரு பிள்ளை ஒரு வரி சொல்லும், அடுத்த பிள்ளை தொடரும்; நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போவேன். "அப்புறம்" என்று சொன்னால் "பிறகு" என்று எழுதுவேன், எழுதியதை வாய்விட்டுப் படிப்பேன், திருத்தினேன் என்று சொல்வதில்லை. கதை முடிந்ததும் மூன்றாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்கள் அதைத் தங்கள் நோட்டில் எழுதி முடிவை மட்டும் மாற்ற வேண்டும். சிறியவர்கள் படம் வரைந்து, தங்களுக்குப் பிடித்த ஒரு சொல்லைக் கீழே எழுத வேண்டும்.

இதில் எனக்கு உள்ள சிக்கல், பேச்சில் கெட்டிக்காரர்களான மூன்று நான்கு பேரே கதையை இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்பதும் சொல்வளம்தான் என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். இதற்கு யாரிடமாவது வழி இருக்கிறதா?

ஒரு தந்தை எழுதியது:

ஆசிரியர்கள் கூடும் இடத்தில் பெற்றோர் ஒருவரின் ஐயம். சொல்வளத்துக்கு வாசிப்பு போதாதா? பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலைகளாகப் பிரித்த சிறு கதைப் புத்தகங்களை என் மகள் கொண்டுவந்து படிக்கிறாள். அவற்றை நூறு படித்தால் வரும் சொற்கள் பத்துக் கதை எழுதினால் வருமா?

கண்மாய்க்கரை எழுதியது:

வராது. புதிய சொற்களின் எண்ணிக்கையில் வாசிப்பை எழுத்து ஒருபோதும் வெல்லாது. ஆனால் படிக்கும்போது சொல் தெரியாவிட்டாலும் கதை நகர்ந்துவிடும். முன்பின் வரிகளை வைத்துப் பிள்ளை ஊகித்துத் தாண்டிப் போய்விடும். எழுதும்போது தாண்ட முடியாது. "தயங்கினாள்" என்பதைப் பத்துப் புத்தகத்தில் கண்டு பொருள் விளங்கிக்கொண்ட பிள்ளைகூட, எழுதும்போது "சும்மா நின்றாள்" என்றே எழுதும். கண்டால் தெரியும் சொற்களில் ஒரு பகுதியைக் கைக்கு வரும் சொற்களாக ஆக்குவதே எழுத்தின் வேலை. உங்கள் மகள் ஒரு புத்தகத்தைப் படித்து முடித்ததும், அந்தக் கதையில் வந்த நாய் அதையே சொன்னால் எப்படி இருக்கும் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லிப் பாருங்கள். புத்தகத்தின் சொற்களில் சில தானாக அவள் எழுத்தில் ஏறி உட்காரும்.

தெம்பனிஸ் துணைப்பாடம் எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன், தொடக்கநிலை மாணவர்களுக்குத் தமிழ்த் துணைப்பாடம் நடத்துகிறேன். உங்கள் பிள்ளைகளுக்கு வாயில் இருக்கும் சொல் தாளில் வருவதில்லை. எங்களிடம் பல வீடுகளில் ஆங்கிலமே பேசுவதால் வாயிலேயே சொல் இல்லை. அதை ஈடுகட்ட, "கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான்", "அவன் கண்களில் நீர் அருவியெனக் கொட்டியது" என்று அழகிய தொடர்களை மனப்பாடம் செய்யவைக்கிறார்கள். எந்தக் கட்டுரையை எடுத்தாலும் முதல் வரியில் கதிரவன் கதிர்களைப் பரப்பிக்கொண்டிருப்பான். பேரங்காடிக்குள் நடக்கும் கதைக்கும் அதே கதிரவன்தான்.

நான் கையாளும் முறை வேறு. இத்தாலியச் சிறுவர் எழுத்தாளர் ஜியானி ரோடாரி, தொடர்பே இல்லாத இரண்டு சொற்களை அருகருகே வைத்துக் கதை பிறக்கவைக்கும் முறையை விளக்கியிருக்கிறார். நாய், அலமாரி என்பது அவர் தரும் எடுத்துக்காட்டு. இரண்டையும் இணைக்கும்போது எத்தனை உறவுகள் வருகின்றன என்று பார்க்கச் சொல்வார். தமிழில் இதைச் செய்தால் வேற்றுமை உருபுகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. நாயின் அலமாரி, அலமாரிக்குள் நாய், நாயோடு அலமாரி, அலமாரியிலிருந்து நாய், அலமாரியை இழுத்த நாய். வேற்றுமையை அட்டவணையாகக் கற்பித்தபோது கொட்டாவி விட்ட பிள்ளைகள், "அலமாரியிலிருந்து நாய்" என்றதும் அது ஏன் உள்ளே போனது என்று சண்டையிட்டுக்கொள்கிறார்கள். சண்டை தமிழில் நடக்க வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை.

தலைமையாசிரியர் ஐயா கேட்டதற்கும் இதில் ஒரு வழி இருக்கிறது. இரண்டு பெட்டிகளில் சொற்சீட்டுகளைப் போட்டு, பேசாத பிள்ளைகளைச் சீட்டு எடுக்கவையுங்கள். எடுத்தவர்தான் இரண்டு சொற்களையும் இணைக்கும் முதல் வரியைச் சொல்ல வேண்டும். கெட்டிக்காரர்கள் மூன்றாம் வரிக்குப் பிறகே வாய் திறக்கலாம்.

ஈராசிரியர் பள்ளி எழுதியது:

சீட்டு முறையைச் செய்துபார்க்கிறேன். மிக்க நன்றி. வீட்டில் உள்ள பொருட்களின் பெயர்களை ஒரு பெட்டியிலும் ஊரில் உள்ள உயிரினங்களின் பெயர்களை இன்னொரு பெட்டியிலும் பிள்ளைகளையே எழுதிப் போடச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. அதுவே ஒரு நாள் வேலை.

கண்மாய்க்கரை சகோதரியிடம் இரண்டு கேள்விகள். ஒன்று, நோட்டை எப்படித் திருத்துகிறீர்கள்? இரண்டு, ஒருமுறை கற்ற சொல் மறுபடி வருவதற்கு என்ன ஏற்பாடு? அந்த மாணவன் "தயங்கி"யை மறுபடி எழுதியது அவன் கெட்டிக்காரத்தனமாகவும் இருக்கலாம் அல்லவா?

கண்மாய்க்கரை எழுதியது:

முதல் படியில் எழுத்துப்பிழையைத் தொடுவதே இல்லை. ர, ற குழம்பிய இடத்தையெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டால், அடுத்த கதையில் பிள்ளை தனக்குப் பிழையின்றி எழுதத் தெரிந்த சொற்களை மட்டுமே எழுதும். "மிரண்டது" என்று எழுதலாமா, "மிறண்டது" என்று எழுதலாமா என்ற ஐயம் வந்ததும் பயந்துபோய் "ஓடியது" என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளும். சொல்வளத்தைக் கெடுப்பதில் சிவப்பு மைக்கு இணை வேறொன்றும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். முதல் படியில் நான் பென்சிலால் ஓரத்தில் கேள்வி மட்டும் எழுதுவேன்: எப்படிப் போனாய்? என்ன குரலில் சொன்னாள்? எந்த மரம்? ஒரு கதைக்கு மூன்று கேள்விக்கு மேல் எழுதுவதில்லை. இரண்டாம் படி எழுதியபின், சுவரில் ஒட்டுவதற்கும் பள்ளிக்கல்வித் துறையின் "ஊஞ்சல்" சிறார் இதழுக்கு அனுப்புவதற்கும் எடுக்கும் படியில்தான் பிழை திருத்தம். அச்சில் வரப்போகிறது என்றால் ர, ற அவர்களுக்கே முக்கியமாகிவிடுகிறது. அகராதியைத் தாங்களாகவே கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு: ஆம், அவன் கெட்டிக்காரன்தான். அவனை மட்டும் நம்பியிருந்தால் மற்றவர்களுக்கு அந்தச் சொல் போயிருக்காது. ஒருவர் கதைக்குக் கொடுத்த சொல்லை, அவர் பெயரோடு, அது வந்த வாக்கியத்தோடு வகுப்புச் சுவரில் எழுதி ஒட்டுகிறோம். தனிச்சொல்லாக ஒட்டுவதில்லை. அடுத்த கதையில் சுவரிலிருந்து ஏதாவது ஒரு சொல்லை யார் வேண்டுமானாலும் கடன் வாங்கலாம். வாங்கினால் யாரிடமிருந்து வாங்கினார் என்று கதையின் அடியில் எழுத வேண்டும். தன் சொல்லை எத்தனை பேர் வாங்கினார்கள் என்று பிள்ளைகள் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். நிறையப் பேர் வாங்கிய சொல்லைச் சுவரிலிருந்து எடுத்துவிடுவோம், இனி அது எல்லாருக்கும் சொந்தம் என்று. யாரும் வாங்காத சொல் நீண்ட நாள் அங்கேயே கிடக்கும். அது வரும்படியான ஒரு கதைச் சூழலை நான் வேண்டுமென்றே கொடுப்பேன்.

உங்கள் பள்ளியில் ஐந்து வகுப்பும் ஒரே அறையில் இருப்பதால் சிறியவர்கள் பெரியவர்களிடமிருந்து கடன் வாங்கலாம். எனக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: சுவரில் ஒரே நேரத்தில் பதினைந்து இருபது வாக்கியங்களுக்கு மேல் ஏறவிடாதீர்கள். கூடினால் யாரும் படிக்கமாட்டார்கள்.